நாய்: பிரச்சினை இல்லை

ஒரு மட்டன் ரோல்ஸ் கொடுத்தால் உலகத்தில் எந்த நாயும் நம்மை விட்டுவிடும் என்று நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். நம்பியதோடு நிற்காமல் பதினொரு மாதம் அதன்படி நடந்தேன். நடந்ததோடும் நிற்காமல், நாய்களோடு பழகுவது எனக்குப் பிறவியிலேயே வந்த வித்தை என்று மற்றவர்களுக்கு முன்னால் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

தனியாக இருக்கும் வயோதிபர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் இந்த வேலைக்கு நீங்கள் புதிதாக வருகிறீர்கள். பெட்டியை எப்படி அடுக்குவது, சூடு எவ்வளவு இருக்கவேண்டும், சைக்கிள் பற்றறியை எப்போது மின்சாரத்தில் போடுவது என்பதெல்லாம் சமையற்கூடத்தில் சொல்லித் தருவார்கள். முழங்கால் தேய்ந்து ஐம்பத்தாறு வயதிலேயே வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்ட என்னிடம் அவற்றைக் கேட்க வேண்டாம். நான் சொல்லப்போவது, தெருவுக்கும் வாடிக்கையாளரின் கதவுக்கும் இடையில் இருக்கிற நூறு மீற்றரைப் பற்றி. அங்கே உங்களுக்கு யாரும் சொல்லித் தரமாட்டார்கள். அங்கே நாய் இருக்கும்.

எனக்குக் கிடைத்த பாதை, சுவிஸில் பேர்ண் நகரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வரும் ஒரு மலைச்சரிவு ஊர். பன்னிரண்டு வீடு. எட்டாவது வீடு ஒரு பழைய மாட்டுப்பண்ணை. அங்கே எண்பத்துநாலு வயதுக் கிழவர் ஒருவர் தனியே இருந்தார். மனைவி செத்து, மாடுகளையும் விற்றுவிட்டிருந்தார். மிஞ்சியது பிளெஸ் என்கிற நாய். கறுப்பும் மண்ணிறமுமான உடம்பு, சுருண்ட வால், நெற்றியில் திருநீறு பூசினதுபோல ஒரு வெள்ளைக் கோடு. மாடு மேய்க்கவென்றே வளர்த்த சாதி. மாடுகள் போனதும் அதற்கு வேலை போய்விட்டது. ஆனால் வேலை போன செய்தியை யாரும் அதற்குச் சொல்லவில்லை. எனவே அது சைக்கிள்களை மேய்த்தது.

முதல் நாள் அது என்னைத் துரத்தியபோது நான் மூன்று காரியம் செய்தேன். பற்றறியை உச்சத்தில் வைத்தேன். எங்கள் ஊரில் நாயைக் கலைப்பதுபோல "அடிக், அடிக்" என்று கத்தினேன். பிறகு முருகனைக் கூப்பிட்டேன். மின்சார சைக்கிள் மணிக்கு இருபத்தைந்து கிலோமீற்றருக்கு மேல் உதவி செய்யாது, அது இந்த நாட்டுச் சட்டம். நாய்க்கு அந்தச் சட்டம் இல்லை. "அடிக்" என்பது அதற்குப் புரியவில்லை, பேர்ண் நாய். முருகன் வந்தாரோ தெரியாது. வந்திருந்தால் மயிலில் வந்திருப்பார், பிளெஸ் மயிலையும் விட்டிருக்காது. எட்டாவது வீட்டைத் தாண்டிப் பத்தாவது வீடு வரைக்கும் பறந்தேன். பெட்டியைத் திறந்தால் கரட் சூப்புக்குள் வனிலாப் புடிங் மிதக்கிறது. பத்தாவது வீட்டு அம்மா ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்து, "இண்டைக்கு உங்கட நாட்டுச் சாப்பாடோ?" என்று கேட்டார். (அவர் கேட்டது ஜெர்மனில்தான். இந்த ஊர்க்காரர் பேசுகிற ஜெர்மனை என் காது எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வாங்கும். அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நான் "ஓம்" என்றேன். நாட்டைக் காட்டிக்கொடுத்த முதல் நாள் அது.

இரண்டாம் நாள் நடந்ததுதான் முக்கியம். வளைவைத் தாண்டும்போதே பிளெஸ் புறப்பட்டு வருவது தெரிந்தது. என் மூளை, ஓடு என்றது. கால்கள் கேட்கவில்லை. அவை தாமாகவே பிரேக் போட்டன, தாமாகவே சைக்கிளைவிட்டு இறங்கின. கை தொப்பியைக் கழற்றியது. முகம் சிரித்தது. உங்கள் அப்பாமாரைக் கேட்டால் விளங்கப்படுத்துவார்கள். சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் ஆமிக் காம்புக்கு, இராணுவ முகாமுக்கு, முன்னால் யாரும் சைக்கிளில் இருந்தபடி போகக்கூடாது. இறங்கி, தொப்பியைக் கழற்றி, சிரித்துக்கொண்டு உருட்டிப் போகவேண்டும். முப்பது வருடத்துக்குப் பிறகு, சுவிஸ் மலையில், நெற்றியில் திருநீறு பூசின ஒரு நாய்க்கு முன்னால் என் கால்கள் அதைச் செய்தன.

பிளெஸ் நின்றுவிட்டது. மூன்று மீற்றர் தள்ளி நின்று என்னைப் பார்த்தது.

காம்பில் இறங்கி நின்றால் மட்டும் போதாது, ஆமிக்காரனுக்கு ஒரு சிகரெட்டும் நீட்டவேண்டும். நான் சிகரெட் பிடிப்பதில்லை. பொக்கற்றில் மனைவி கட்டித் தந்த ரோல்ஸ் இருந்தது. பாதியைப் பிய்த்து எறிந்தேன். பிளெஸ் விழுங்கியது. மிளகாய் ஏறி மூன்று தரம் தும்மியது. பிறகு வந்து என் முன்னால் குந்தியிருந்து, மிச்சப் பாதி எங்கே என்று வலது பக்கப் பொக்கற்றைப் பார்த்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய தொழில் பாடம் இந்த இடத்தில் மட்டும்தான் இருக்கிறது. நாய் நின்றது எதற்காக? நான் இறங்கியதற்காக. ஓடுகிற சைக்கிள்தான் அதற்கு மாடு. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதன், சும்மா ஒரு மனிதன். ரோல்ஸ் எறிவதற்கு முன்னமே அது நின்றுவிட்டது. அதாவது, என் பயம் சரியானதைச் செய்து முடித்துவிட்டது. அதன்பிறகு என் கெட்டித்தனம் வந்து அதைக் கெடுத்தது. நாய் நின்ற பெருமையை நான் கெட்டித்தனத்துக்குத்தான் கொடுத்தேன்.

எங்கள் சமையற்கூடப் பொறுப்பாளர் ஒரு நெடிய அம்மா. பேசினால் ஐந்து சொல், அதில் மூன்று கட்டளை. அவர் எல்லோருக்கும் சொன்னது இதுதான்: இறங்கு. சைக்கிளை உனக்கும் நாய்க்கும் நடுவில் வை. கண்ணைப் பார்க்காதே. காத்திரு. எதுவும் தின்னக் கொடுக்காதே. கடைசிக் கட்டளை நாய்களுக்கு மட்டுமில்லை, வாடிக்கையாளர் வீட்டு எந்த உயிருக்கும் வெளிச் சாப்பாடு கொடுக்கக்கூடாது. நானும் தலையாட்டினேன். தலையாட்டும்போது வலது பக்கப் பொக்கற்றில் ரோல்ஸ் சூடாக இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் நடந்தது. வளைவில் பிளெஸ் பாய்ந்து வரும். நான் இறங்குவேன். அது குந்தும். நான் கொடுப்பேன். சுவிஸ் நாய்க்கு உறைப்புப் பழக்கினவன் நான்.

வீட்டில் மனைவி கேட்டாள். "நாள் தவறாமல் ரெண்டு ரோல்ஸ் கட்டச் சொல்லுறியள். ஆருக்கு?"

"எனக்குத்தான்."

"ஓம், வயித்தைப் பாக்கத் தெரியுது."

கிழவர் யன்னலால் பார்ப்பார். அவருக்குக் கண் மங்கல், வளைவில் என் கை என்ன செய்கிறதென்று தெரியாது. நாய் என் முன்னால் குந்தியிருப்பது மட்டும் தெரியும். "தபால்காரரைத் துரத்துது, என்ர மகனைத் துரத்துது. நீ வந்தால் மட்டும் இருக்குது. உன்ர கையில என்னவோ இருக்கு" என்பார். நான் அடக்கமாகச் சிரிப்பேன். கையில் என்ன இருந்தது என்று சொல்ல எனக்கு இருநூறு சந்தர்ப்பம் இருந்தது. ஒரு நல்ல பெயர் சும்மா வரும்போது யார் வேண்டாம் என்பார்கள்? சமையற்கூடத்திலும் கதை பரவி, என்னை "நாய் டொக்டர்" என்று கூப்பிட்டார்கள். அந்த நாட்களில் நான் குடியுரிமைக்கும் விண்ணப்பித்திருந்தேன். ஊரில் இரண்டு பேரிடம் நன்னடத்தைக் கடிதம் வாங்கவேண்டும். கிழவர் தானாகவே, "நான் எழுதித் தாறன்" என்றார். எழுதி, ஒட்டி, தானே தபாலில் போட்டார்.

கோடையில் கோயில் திருவிழாவுக்கு நான் பத்து நாள் லீவு எடுத்தேன். என் பாதைக்கு வதனி வந்தாள். வதனி எங்கள் ஆள். அதுவரை பள்ளிக்கூடம் கூட்டித் துடைத்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய். வெளிக்காற்றில் வேலை செய்யவேண்டும் என்று ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று மாதம் பரீட்சைக் காலம்.

பாதையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றும்போது வீடு வீடாகக் குறிப்பெழுதின ஒரு கொப்பி கொடுப்பது வழக்கம், உங்களுக்கும் தருவார்கள். நான் மிகக் கவனமாக எழுதினேன். மூன்றாம் வீட்டில் மணி வேலை செய்யாது, யன்னலில் தட்டவும். ஐந்தாம் வீட்டு ஐயாவுக்கு இறைச்சியை வெட்டிக் கொடுக்கவும், வெட்டவா என்று கேட்கக்கூடாது. பத்தாம் வீட்டு அம்மா இரண்டு தரம் நன்றி சொல்லுவார், இரண்டு தரமும் பதில் சொல்லவும். எட்டாம் வீட்டுக்கு வந்தபோது பேனை கொஞ்ச நேரம் நின்றது. நான் எழுதினேன்:

"நாய்: பிரச்சினை இல்லை."

வதனி வாசித்துவிட்டுக் கேட்டாள். "அண்ணை, எனக்கு நாயெண்டால் சரியான பயம். உண்மையா ஒண்டும் செய்யாதோ?"

"அது என்ன செய்யும்? என்னைக் கண்டால் கும்பிடுது."

"அது உங்களை. நான் என்ன செய்யவேணும்?"

"இறங்கி நில்லு. அவ்வளவுதான்."

அதையாவது சரியாகச் சொன்னேன். இறங்கி நின்றபிறகு அந்த நாய் எதை எதிர்பார்க்கும் என்று சொல்லவில்லை. சொன்னால் விதி மீறினது வெளியே வரும், நாய் டொக்டர் பட்டமும் போகும். இரண்டில் எது என்னைத் தடுத்தது என்று கேட்டால், வெட்கத்தோடு சொல்கிறேன், பட்டம்தான்.

லீவின் நாலாம் நாள் மழை. வதனி தன் மழை ஜக்கெற்றைக் கொண்டுவரவில்லை. சமையற்கூடக் கொளுக்கியில் தொங்கிய என் மஞ்சள் வேலை ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு போனாள். வளைவில் பிளெஸ் வந்தது. அவள் நான் சொன்னபடி இறங்கினாள், நின்றாள். பிளெஸ்ஸும் குந்தியது. காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. ஆனால் மணம் வருகிறது. பதினொரு மாத எண்ணெய் ஊறின பொக்கற். அது எழும்பி வந்து வலது பொக்கற்றைப் பல்லால் பிடித்து இழுத்தது. வதனி பயத்தில் பின்னால் துள்ளினாள். பொக்கற் கிழிந்தது, அவள் சைக்கிளோடு கல்லில் விழுந்தாள். இடது மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கையில் கட்டோடு படுத்திருந்தாள். மற்றவர்களுக்குச் சொன்னதையே எனக்கும் சொன்னாள். பிறகு குரலைத் தணித்தாள்.

"அண்ணை, அது என்ர முகத்தைப் பாக்கேல்லை. காலைப் பாக்கேல்லை. பொக்கற்றையேதான் பாத்துக்கொண்டு இருந்தது. நீங்கள் அதுக்கு ஏதும் குடுக்கிறனீங்களோ?"

"நானோ? எனக்கே என்ர மனுசி அளந்துதான் தாறாள்" என்றேன்.

நான் பகிடி விட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். வதனி சிரிக்கவில்லை. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பரீட்சைக் காலத்தில் கை முறிந்தவளை வைத்திருக்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அந்த மாத முடிவில் அவளுக்கு வேலையை நிறுத்தும் கடிதம் போனது.

ஜக்கெற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து தோய்த்தேன். மனைவி வந்து பார்த்தாள்.

"கிழிஞ்சதை ஏன் தோய்க்கிறியள்?"

நான் தொடர்ந்து தேய்த்தேன். அவள் பொக்கற்றைத் தூக்கி மணந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எண்ணெய்க் கறை பச்சைத் தண்ணியில போகாது. சுடுதண்ணி விடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் எனக்கு ரோல்ஸ் கட்டித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

நாயால் ஆளுக்குக் காயம் வந்தால் வைத்தியர் மாநில மிருக வைத்தியக் கந்தோருக்கு அறிவிக்கவேண்டும். அங்கிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். வதனியை விசாரித்தார், கிழவரை விசாரித்தார், கடைசியில் என்னைச் சமையற்கூடத்தின் பின்னறையில் இருத்தினார். அதட்டவில்லை, குடிக்கக் கோப்பி வாங்கித் தந்தார். அந்த நாய் என்னோடு எப்படி என்று கேட்டார். நல்லது என்றேன். பிறகு பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"சைக்கிளில வாற ஆராவது அதுக்குச் சாப்பாடு குடுத்திருக்கினமோ? யோசிச்சுச் சொல்லுங்கோ, இது முக்கியம். சாப்பாடு கேட்டு ஓடி வாற நாய் வேறை. ஆளைப் பிடிக்க ஓடி வாற நாய் வேறை."

அவர் கதவை அகலத் திறந்து வைத்துத்தான் கேட்டார். நான் செய்யவேண்டியது அதற்குள்ளால் நடப்பது மட்டும்தான். ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்தது குடியுரிமைக் கோவை. அதில் என் பெயருக்குக் கீழே "விதி மீறினார்" என்று ஒரு தாள். என்னைப் பொய் சொன்னவர் என்று பார்க்கிற வதனியின் முகம். முப்பது வருடத்துக்கு முந்தின கால்கள் மேசைக்குக் கீழே மறுபடி இறங்கி நின்றன, முகம் சிரித்தது.

"நைன்" என்றேன். இல்லை.

அவர் எழுதிக்கொண்டார்.

மூன்று கிழமையில் கிழவருக்கு உத்தரவு வந்தது. நாயைக் கொல்லச் சொல்லி இல்லை, இந்த நாட்டில் அவ்வளவு இலேசாகக் கொல்லமாட்டார்கள். எப்போதும் கயிற்றில் பிடிக்கவேண்டும், வாய்க்கூடு போடவேண்டும், கிழமைக்கு ஒரு நாள் பயிற்சி வகுப்புக்குக் கூட்டிப்போய்ப் பரீட்சையில் தேறவேண்டும். எண்பத்துநாலு வயது மனிதர். நடக்கவே தள்ளுவண்டியைப் பிடித்துக்கொள்பவர்.

"அதை நான் எப்படிக் கயித்தில பிடிக்கிறது? அதுதான் என்னைப் பிடிச்சுக்கொண்டு போகும்" என்றார். மகனுக்கு நகரத்தில் நாலாம் மாடி வீடு, அங்கே நாய் வைக்கக்கூடாது. நாயை எடுப்பார்களா என்று கிழவர் இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தார். காயப்படுத்தின நாய் என்று தாளில் இருந்தால் யார் எடுப்பார்கள்?

பிளெஸ்ஸை ஊசி போட்டு முடித்துவிட மிருக வைத்தியர் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன நாள் ஒரு புதன்கிழமை, பின்னேரம் இரண்டு மணி. நான் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மக்கரோனியும் அப்பிள் களியும். வளைவில் ஒன்றும் ஓடி வரவில்லை. ஆனாலும் என் கால்கள் இறங்கின. பிளெஸ் வாசல் கம்பியில் கட்டியிருந்தது, வாயில் கூடு. என்னைக் கண்டதும் குந்தியது. வாலை ஆட்டியது. வலது பக்கத்தைப் பார்த்தது. புது ஜக்கெற், பொக்கற்றில் ஒன்றுமில்லை. அதற்கு அது தெரியாது. காத்திருந்தது.

கிழவர் கதவில் நின்றார். "உன்னை விசாரிச்சவையாம். பிளெஸ் நல்ல நாயெண்டு சொன்னியாம். மற்ற எல்லாரும் கூடாமல்தான் சொல்லியிருக்கினம். நீ ஒருத்தன்தான்" என்று என் கையைப் பிடித்தார். "நன்றி."

ஒன்றரை மணி நேரம் இருந்தது. என்னை விசாரித்த பெண் அதிகாரியின் தொலைபேசி எண் என் பையில் இருந்தது. இளம் பிள்ளைகளே, நெருக்கடியில் எடுக்கும் முடிவு என்று பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு நெருக்கடியே இல்லை. மழை இல்லை, நாய் பாயவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு மனிதன் நினைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அதைவிடக் கூடுதலாகவே இருந்தது.

"மக்கரோனி ஆறுது" என்றேன். "சாப்பிடுங்கோ." அடுத்த வீட்டுக்குப் போனேன்.

குடியுரிமைக் குழு என்னை இலையுதிர் காலத்தில் கூப்பிட்டது. ஊர்க் கந்தோர் மேல்மாடியில் ஐந்து பேர் இருந்தார்கள். ஏரிகளைக் கேட்டார்கள், வாக்கெடுப்பைக் கேட்டார்கள், குப்பை பிரிப்பதைக் கேட்டார்கள். எல்லாம் சொன்னேன். கடைசியில் நடுவில் இருந்தவர் ஒரு கடிதத்தை எடுத்தார். "இதை நான் வாசிக்கவேணும்" என்று சிரித்தார். கிழவர் வசந்த காலத்தில் எழுதின கடிதம். "என் நாய் ஊரிலே எல்லோரையும் துரத்தும். இந்த மனிதருக்கு முன்னால் மட்டும் அது உட்காரும். நான் மனிதரைப் பற்றிப் பிழையாக நினைக்கலாம். நாய் பிழை விடாது."

ஐந்து பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நன்றி சொன்னேன்.

நான் அந்தப் பாதையில் இன்னும் இரண்டு வருடம் ஓடினேன். முழங்கால் போகும்வரை அந்த வளைவில் இறங்கித்தான் உருட்டினேன். எதுவும் துரத்தவில்லை. கிழவர் யன்னலில் இருந்து கையசைப்பார். உங்களுக்கு என் பாதைக் கொப்பி கைக்கு வந்தால் எட்டாம் வீட்டுப் பக்கத்தைப் பாருங்கள். பழைய வரி அப்படியே இருக்கிறது, நான் வெட்டவில்லை. இப்போது அது உண்மையும்கூட.

நடந்தது இவ்வளவுதான். பிளெஸ் யாரையும் கடிக்கவில்லை. நான் பழக்கினபடி அது சாப்பாடு கேட்டது. யாராவது கொடுத்தார்களா என்று கேட்டபோது இல்லை என்றேன். வதனி திரும்பவும் பள்ளிக்கூடம் துடைக்கிறாள். பிளெஸ்ஸுக்குப் புதன்கிழமை இரண்டு மணிக்கு ஊசி போட்டார்கள், வயது ஆறு. என்னுடைய சிவப்புச் சுவிஸ் கடவுச்சீட்டு அடுத்த வருடம் மார்கழியில் தபாலில் வந்தது.